எண்பத்தேழு முதல் தொண்ணூறு வரை

என் பெயரும் வீட்டு முகவரியும் இத்துடன் இணைத்த தாளில் உள்ளன. வயது நாற்பத்தாறு. வணிகவியலில் முதுகலைப் பட்டம் பெற்றிருக்கிறேன். கணவருடனும் கல்லூரியில் படிக்கும் மகளுடனும் வசித்து வருகிறேன். வங்கியின் தலைமை அலுவலகத்தில், நீதிமன்ற அழைப்பாணைகளுக்கு உரிய ஆவணங்களைத் திரட்டி அனுப்பும் பிரிவில் பதினோரு ஆண்டுகளாக அதிகாரியாக இருக்கிறேன். ஒரு வாடிக்கையாளரைப் பற்றி வங்கி அரசுக்கு ரகசியமாக அறிக்கை அனுப்பியதை அந்த வாடிக்கையாளரிடமே சொல்லிவிட்டார் என்று, எங்கள் கிளை ஒன்றின் பெண் காசாளர் மீது வங்கி புகார் கொடுத்திருக்கிறது. அந்த வழக்கில் வங்கித் தரப்புச் சாட்சியாக இன்று இங்கே வந்து, விசாரணை அதிகாரி முன் கீழ்க்கண்டவாறு சொல்கிறேன்.

சம்பந்தப்பட்ட செவ்வாய்க்கிழமை காலை நான் முதலில் செய்தது, எண் அடிக்கும் இயந்திரத்தின் சக்கரங்களைச் சிறு கம்பியால் திருப்பி ஒன்றுக்குக் கொண்டுவந்தது. கைப்பிடி வைத்த இரும்பு முத்திரை அது. ஒரு தாளின் மூலையில் அழுத்தினால் 1 என்று விழும், அடுத்த தாளில் தானாகவே 2 விழும். நீதிமன்றத்துக்குப் போகும் எந்தக் கட்டும் அந்த முத்திரை விழாமல் போகாது. அன்று காலை ஒன்பது நாற்பதுக்குக் கிளையிலிருந்து வந்த கட்டை மேஜைமேல் வைத்து, முதல் தாளில் அடிக்கத் தொடங்கினேன். அங்கேதான் தவறு நடந்தது.

எங்கள் வேலையின் முறையை இங்கே சொல்ல வேண்டும். ஒரு வாடிக்கையாளரின் நடவடிக்கை சரியில்லை என்று பட்டால் கிளை ஊழியர் குறிப்பு எழுதுவார். அது எங்கள் வழியாக அரசின் புலனாய்வு அலுவலகத்துக்குச் சந்தேக அறிக்கையாகப் போகும். போனது வாடிக்கையாளருக்குத் தெரியக் கூடாது. இரண்டு தனி மனிதருக்கு நடுவே நடக்கும் வழக்கில் நீதிமன்றம் கணக்கு ஆவணங்களைக் கேட்டால், கணக்குத் தாள்கள் எல்லாவற்றையும் கொடுக்க வேண்டும். அறிக்கையையும் அதற்காக எழுதிய குறிப்பையும் கொடுக்கக் கூடாது. அப்படி ஒன்று உண்டா என்று யார் கேட்டாலும் ஒரே பதில்தான்: "அதைப் பற்றி இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்ல எனக்கு அனுமதியில்லை." ஆகவே கட்டு வந்தவுடன் முதலில் அறிக்கைத் தாள்களைப் பிரித்து எடுக்க வேண்டும், அதன் பிறகு எண் அடிக்க வேண்டும், அதன் பிறகு இன்னொருவர் தாள்களை எண்ண வேண்டும், அதன் பிறகு நான் சான்றளிக்க வேண்டும். பிரிப்பதும் எண்ணுவதும் என்னோடு வேலை செய்யும் மூத்த ஊழியரின் பொறுப்பு. மகளின் பிரசவத்துக்காக அவர் அந்த வாரம் விடுப்பில் இருந்தார். பிரித்த கட்டையே என் மேஜையில் வாங்கிப் பழகிய கை, அன்றும் பிரித்த கட்டு என்றே நினைத்து அடித்துக்கொண்டு போனது.

வழக்கு பின்வருமாறு. ஓய்வு பெற்ற ஆசிரியை ஒருவர், முதியோர் இல்லம் ஒன்றில் இருந்தார். கிளையில் எல்லோரும் அவரை டீச்சரம்மா என்பார்கள். இல்லத்தை நடத்துபவர் மாதத்தில் இரண்டு மூன்று முறை அவரைச் சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்து, ஏற்கெனவே பூர்த்தி செய்த சீட்டில் அவரைக் கைநாட்டு வைக்கச் செய்து பணம் எடுத்துப் போவார். ஆயிரக்கணக்கான விடைத்தாள்களில் கையெழுத்துப் போட்ட அம்மாள் கைநாட்டு வைக்கிறாரே என்று கேட்டவர் அந்தக் கிளையில் ஒரே ஒருவர்தான். அவர்தான் இந்த வழக்கின் எதிரியான காசாளர். கிளையில் அவருக்குச் சட்டாம்பிள்ளை என்று பட்டப்பெயர். மேலாளரின் மனைவி வந்தாலும் அடையாள அட்டை கேட்பார் என்பதால் வந்த பெயர். அவர் கண்ணாடிக்கு வெளியே தலையை நீட்டி, "அம்மா, இந்தப் பணம் எதுக்கு எடுக்கறீங்க?" என்று டீச்சரம்மாவைக் கேட்டிருக்கிறார். "எனக்கேதும்மா பணம்? நீ யாரோன்னு நினைச்சுக் கேக்கறே," என்றிருக்கிறார் டீச்சரம்மா. இல்லத்துக்காரர் சிரித்துக்கொண்டே, "வயசாச்சுல்ல மேடம்," என்றிருக்கிறார். அன்று மாலையே சட்டாம்பிள்ளை நான்கு பக்கக் குறிப்பு எழுதி எங்களுக்கு அனுப்பினார். நாங்கள் அறிக்கையாக்கி அரசுக்கு அனுப்பினோம். எட்டு மாதம் ஒன்றும் நடக்கவில்லை. மாதம் ஒருமுறை சட்டாம்பிள்ளை என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டு, "மேடம், ஏதாவது தெரிஞ்சுதா?" என்று கேட்பார். மேற்படி பதிலை நான் அவருக்கே சொல்வேன். அதன் பிறகு டீச்சரம்மாவின் தங்கை மகள், டீச்சரம்மாவின் சார்பில் இல்லத்துக்காரரிடம் கணக்குக் கேட்டு வழக்குப் போட்டார். அந்த வழக்கில்தான் எங்களுக்கு அழைப்பாணை வந்தது.

செவ்வாய்க்கிழமை மதியம் ஒன்றரை மணிக்கு, இருநூற்றுப் பன்னிரண்டு தாள்களிலும் எண் அடித்து முடித்த பின், கடைசியாக ஒருமுறை புரட்டியபோது சட்டாம்பிள்ளையின் குறிப்பு நடுவில் இருந்ததைப் பார்த்தேன். எண்பத்தேழு முதல் தொண்ணூறு வரை. கிளையில் யாரோ கணக்குத் தாள்களோடு சேர்த்துக் கோத்திருந்தார்கள். அந்த நான்கு நகல்களையும் உருவி, விதிப்படி உடனே தாள் அறுக்கும் இயந்திரத்தில் போட்டேன். கட்டில் இப்போது எண்பத்தாறுக்குப் பிறகு தொண்ணூற்றொன்று வந்தது. எண்பத்தாறாம் தாள் பதினான்காம் தேதிச் சீட்டு, தொண்ணூற்றொன்று பதினேழாம் தேதிச் சீட்டு. இரண்டிலும் சட்டாம்பிள்ளையின் சுருக்கொப்பம் இருந்தது. சரி செய்ய வேண்டுமென்றால், தொண்ணூற்றொன்று முதல் எல்லாத் தாளையும் மறுபடி நகலெடுத்து மறுபடி எண் அடிக்க வேண்டும். நாற்பது நிமிட வேலை. நீதிமன்றத்தில் மூன்று மணி வரை வாங்குவார்கள், போக முப்பத்தைந்து நிமிடம் ஆகும்.

பிரிவுத் தலைவரிடம் போய்ச் சொன்னேன். எதற்கும் "போகட்டும்" என்பவர் என்பதால் அவருக்கு எங்கள் பிரிவில் போகட்டும் சார் என்று பெயர். அவர் தலை நிமிராமலே, "போகட்டும்மா. யாரு உக்காந்து நம்பர் எண்ணப் போறாங்க? வக்கீலுங்க கடைசித் தாளைப் பார்ப்பாங்க, காபி குடிக்கப் போயிடுவாங்க," என்றார். அதன் பிறகு நான், 'மொத்தம் இருநூற்றெட்டுப் பக்கங்கள், உண்மை நகல்' என்று சான்றெழுதிக் கையெழுத்திட்டேன். அதன் பிறகு சாப்பிடப் போனேன். சாப்பாட்டுக்கு இருபத்தைந்து நிமிடம் எடுத்துக்கொண்டேன். நேரம் போதாமல் விட்டுவிட்டேன் என்று வங்கியின் வக்கீல் தயாரித்த தாளில் இருக்கிறது. நேரம் இருந்தது.

புதன்கிழமை இரண்டு தரப்பு வக்கீல்களும் ஆவணங்களை நீதிமன்ற எழுத்தர் அறையில் வைத்துப் பார்க்கலாம், நகல் எடுக்கக் கூடாது என்று உத்தரவு. ஆவணங்களின் காப்பாளர் என்ற முறையில் நானும் உடன் இருந்தேன். டீச்சரம்மாவின் தங்கை மகளுடைய வக்கீல் இளம் பெண். தொகைகளை மட்டும் குறித்துக்கொண்டு அடுத்த வழக்குக்கு ஓடினார். இல்லத்துக்காரரின் வக்கீல் வயதானவர், எச்சில் தொடாமல் தாள் புரட்டுபவர். ஒன்றரை மணி நேரம் பார்த்தார். அதன் பிறகு மூக்குக் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு என்னிடம், "மேடம், ஒரு சின்ன சந்தேகம். சான்றிதழ்ல இருநூத்தியெட்டுன்னு போட்டிருக்கீங்க. கடைசித் தாள்ல இருநூத்திப் பன்னெண்டுன்னு இருக்கு. நடுவுல நாலு பேரு இறங்கிட்டாங்களா?" என்று கேட்டார். எழுத்தர் சிரித்தார். எண் அடித்ததில் பிழை என்று நான் சொல்லியிருக்கலாம். அது பொய்கூட இல்லை. ஆனால் என் பிழை என்று சொல்ல வாய் வரவில்லை. விதியைச் சொல்வது அதைவிட எளிதாக இருந்தது. "அதைப் பற்றி இருக்கிறது என்றோ இல்லை என்றோ சொல்ல எனக்கு அனுமதியில்லை," என்றேன். அவர் பேனாவை மூடி, "போதும் மேடம். ரொம்ப நன்றி," என்றார். எழுந்து எனக்குக் கதவைத் திறந்துவிட்டார். இந்தப் பேச்சு எந்தக் குறிப்பிலும் பதிவாகவில்லை.

வியாழக்கிழமை பகல் பன்னிரண்டு மணி அளவில் சட்டாம்பிள்ளை தொலைபேசியில் கூப்பிட்டார். அவர் எப்போதும் முதலில் வணக்கம் சொல்வார், அன்று சொல்லவில்லை.

"மேடம், இல்லத்துக்காரர் இப்பத்தான் வந்துட்டுப் போறார். என் கவுண்டர்லயே நின்னார். பதினாலுக்கும் பதினேழுக்கும் நடுவுல நாலு பக்கம் எழுதினீங்களாமே, கை வலிக்கலையான்னு கேட்டார். சிரிச்சுக்கிட்டே கேட்டார் மேடம். அவருக்கு எப்படித் தெரியும்?"

எப்படித் தெரியும் என்பது எனக்கு அந்த நொடியே தெரிந்தது. "நான் விசாரிக்கிறேன்," என்றேன்.

"விசாரிக்கறது இருக்கட்டும். டீச்சரம்மாவை யாராவது உடனே போய்ப் பார்க்கணும். நானே போயிடுவேன், ஆனா நான் போய் நின்னா எழுதினது நான்தான்னு சொன்ன மாதிரி ஆயிடும். உங்க ஆளுங்க யாரையாவது அனுப்புங்க."

"மேலிடத்துல சொல்றேன். நீங்க எதுவும் செய்யாதீங்க," என்றேன். அவர் சரி என்றார். நான் சொன்னால் கேட்பவர் அவர்.

அதற்குக் காரணம் உண்டு, அதையும் பதிவு செய்யக் கேட்டுக்கொள்கிறேன். இரண்டு ஆண்டுகளுக்கு முன் கிளை ஊழியர்களுக்கு நான் பயிற்சி வகுப்பு எடுத்தேன். சந்தேகம் வந்தால் தயங்காமல் எழுதுங்கள் என்று சொன்னேன். முதல் வரிசையில் இருந்த சட்டாம்பிள்ளை எழுந்து, "எழுதினவங்க பேரு வெளிய வராதுன்னு யாரு கியாரண்டி மேடம்?" என்று கேட்டார். வகுப்பே சிரித்தது. "நான்தான் கியாரண்டி. என் மேஜையைத் தாண்டாம ஒரு தாளும் வெளிய போகாது," என்றேன். அவர் அதைக் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். அந்த வகுப்புக்குப் பிறகு அந்தக் கிளையிலிருந்து வந்த ஒரே குறிப்பு அவருடையது.

வியாழக்கிழமை மதியம் நான் போகட்டும் சாரிடம் சொன்னேன். "போகட்டும்மா. மிரட்டறவன் எல்லாம் செஞ்சுடுவானா? குரைக்கட்டும்," என்றார். அதற்கு மேல் நான் யாரிடமும் போகவில்லை. காவல் நிலையம் எங்கள் அலுவலகத்திலிருந்து நடந்து போகும் தூரம். வெள்ளிக்கிழமை வழக்கம்போல் வேலை செய்தேன். அன்று மட்டும் வேறு ஆறு அழைப்பாணைகளுக்குப் பதில் அனுப்பினேன். ஆறிலும் எண்கள் சரியாக இருந்தன.

வெள்ளிக்கிழமை மாலை இல்லத்துக்காரர் வேலையாட்களுக்கு விடுமுறை கொடுத்து அனுப்பிவிட்டு, வெளி வாசலில் சங்கிலி போட்டுப் பூட்டிவிட்டுப் போனார். அவர் இதுவரை பிடிபடவில்லை. உள்ளே பதினான்கு பேர் இருந்தார்கள். ஞாயிறு மதியம் படுக்கை விரிப்புகளை வெளுக்க எடுத்துப் போகும் வண்டிக்காரர் வந்து, யாரோ உள்ளேயிருந்து தட்டத்தால் சன்னலைத் தட்டும் சத்தம் கேட்டு ஆட்களைக் கூட்டினார். குடிநீர்க் கேன்கள் காலியாக இருந்தன. டீச்சரம்மா கதவருகே, நல்ல புடவை கட்டி, கைப்பையைத் தோளில் மாட்டியபடி தரையில் உட்கார்ந்திருந்தாராம். யாரோ அழைத்துப்போக வருவார்கள் என்று மற்றவர்களிடம் சொல்லிக்கொண்டிருந்தாராம். திங்கட்கிழமை மருத்துவமனையில் இறந்தார். இது எனக்குச் செய்தித்தாள் மூலம் தெரிந்தது. கைப்பை விவரம் பின்னால் தெரிந்தது.

மறுவாரம் வங்கியின் கண்காணிப்புப் பிரிவு விசாரணை தொடங்கியது. கிளையின் கேமராவில், வியாழக்கிழமை இல்லத்துக்காரரும் சட்டாம்பிள்ளையும் நான்கு நிமிடம் பேசியது பதிவாகியிருந்தது. படம் மட்டும்தான், சத்தம் இல்லை. அவர் சிரிக்கிறார், இவர் தலையாட்டுகிறார். சட்டாம்பிள்ளை நடந்ததை அப்படியே சொல்லியிருக்கிறார். "நீங்க சொல்லாம அந்தாளுக்கு எப்படித் தெரியும்?" என்று கேட்டிருக்கிறார்கள். வங்கியில் அந்தக் கேள்விக்குப் பதில் தெரிந்த இரண்டு பேரில் ஒருவர் போகட்டும் சார். இன்னொருவர் நான். என்னைக் கூப்பிட்டு, ஆவணக் கட்டு ஒழுங்காகப் போனதா என்று கேட்டார்கள். ஒழுங்காகப் போனது என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சட்டாம்பிள்ளை என்னைத் தொலைபேசியில் கூப்பிட்டாரா என்று கேட்டார்கள். வழக்கமான விசாரிப்புதான் என்று எழுதினேன். அன்று மாலையே அவரைத் தற்காலிகப் பணிநீக்கம் செய்தார்கள்.

அதன் பிறகு, டீச்சரம்மா இறந்துபோனதால் அந்தச் சிவில் வழக்கு முடிக்கப்பட்டு, நாங்கள் கொடுத்த கட்டை நீதிமன்றம் எங்களுக்கே திருப்பி அனுப்பியது. போகட்டும் சார் அதை என் மேஜையில் வைத்துவிட்டு நின்றார். பதினோரு ஆண்டில் என் மேஜைக்கு அவர் வந்தது அதுதான் முதல் தடவை.

"இது இனி எதுக்கும்மா? புதுசா ஒரு செட்டு போட்டு ஃபைல்ல வச்சிடு. ஒண்ணுலேருந்து இருநூத்தியெட்டு வரைக்கும், அழகா."

"சார், அந்தம்மாவோட வேலை போகுது."

"உன் வேலை போகணுமா? என் வேலை போகணுமா? எனக்கு இன்னும் ஏழு மாசம்தான். அவங்களுக்கு யூனியன் இருக்கு, பார்த்துப்பாங்க. போகட்டும்."

நான் புதிதாக நகலெடுத்து, ஒன்றிலிருந்து இருநூற்றெட்டு வரை எண் அடித்து, பழைய தேதியைப் போட்டுக் கையெழுத்திட்டேன். நீதிமன்றத்திலிருந்து வந்த கட்டைத் தாள் அறுக்கும் இயந்திரத்தில் போட்டேன். அதில் ஒரு தடவைக்கு ஆறு தாள்தான் போகும். முப்பத்தைந்து தடவை போட்டேன். வங்கி தங்களிடம் ஒப்படைத்துள்ள அலுவலகப் பிரதி நான் இவ்வாறு தயாரித்தது. அதைப் பார்ப்பவர் எவரும் எண்களில் குறை காண முடியாது. நல்ல வேலை.

கடந்த ஞாயிறு என் கணவரிடம் இதையெல்லாம் சொன்னேன். அவர் முழுவதும் கேட்டார். அதன் பிறகு கேட்டது இது:

"உன்னை யாராவது கேட்டாங்களா?"

"கேட்டாங்க. பொய் சொல்லிட்டேன்."

"அப்ப முடிஞ்சுதே. கேட்டாச்சு, சொல்லியாச்சு. மறுபடி எதுக்குத் தோண்டறே? அந்தப் பொம்பளை உனக்குச் சொந்தமா பந்தமா?"

"இல்ல."

"பொண்ணுக்கு இன்னும் ரெண்டு வருஷம் படிப்பு இருக்கு. அதை நினைச்சுக்கோ. அதான் சொந்தம்."

அவர் கெட்டவர் இல்லை. சாப்பிட்ட தட்டைத் தானே கழுவி வைப்பவர். அன்றும் கழுவி வைத்தார்.

திங்கட்கிழமை விடுப்பு எடுத்துக்கொண்டு சட்டாம்பிள்ளையின் வீட்டுக்குப் போனேன். மாடியில் இரண்டு அறை. கூடத்தில் துணிகளுக்கு இஸ்திரி போட்டுக்கொண்டிருந்தார். அலுவலகத்துக்குக் கட்டும் புடவைகள்தான். என்னைப் பார்த்ததும் இஸ்திரிப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார்.

"வாங்க மேடம். உக்காருங்கன்னு சொல்ல எனக்கு அனுமதி இருக்கா?" என்றார்.

நான் உட்கார்ந்தேன். எண்களைச் சொன்னேன். சாப்பிடப் போனதையும் சொன்னேன். அவர் ஒரு புடவையை நான்காக மடித்து, மறுபடி பிரித்து, மறுபடி மடித்தார்.

"அப்ப மிஷின்தான் என்னைக் காட்டிக் கொடுத்துச்சா?"

"நான்தான்."

"தெரியுது. உங்க வாயால வருதான்னு பார்த்தேன்."

அதன் பிறகு அவரே சொன்னது: டீச்சரம்மாவின் தங்கை மகள் பணிநீக்கத்தைக் கேள்விப்பட்டுப் போன வாரம் அந்தத் தெருவுக்கு வந்து, வாசலில் நின்று, "எங்க பெரியம்மாவை அந்த ஆளுக்கு வித்துட்டியே, எவ்வளவு வாங்கினே? கைப்பையை மாட்டிக்கிட்டு யாருக்காகக் காத்திருந்தாங்க தெரியுமா?" என்று கத்தியிருக்கிறார். கீழ் வீட்டுக்காரர் அன்றிலிருந்து பேசுவதில்லை. தண்ணீர் மோட்டாரை இவர் குளிக்கும் நேரம் பார்த்து நிறுத்துகிறார்.

"நீங்கதான் எழுதினீங்கன்னு அந்தப் பொண்ணுகிட்ட சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"எப்படி மேடம்? இருக்குன்னும் சொல்லக் கூடாது, இல்லைன்னும் சொல்லக் கூடாது. நீங்கதானே சொல்லிக் கொடுத்தீங்க. இப்ப சொல்லாததைச் சொன்னேன்னு கேஸ். அவகிட்ட சொன்னா, நிஜமாவே சொன்னவளா ஆயிடுவேன். அப்புறம் என் வக்கீலால என்ன செய்ய முடியும்?"

"அவ திட்டும்போது என்ன செஞ்சீங்க?"

"கேட்டுக்கிட்டு நின்னேன். அவ அழுதா. தண்ணி கொடுத்தேன். தட்டி விட்டுட்டா." பிறகு, "டீ ஆறுது, குடிங்க. அதுக்கெல்லாம் விதி இல்லை," என்றார்.

நான் குடித்துவிட்டு வந்தேன். என்னை மன்னித்ததாக அவர் சொல்லவில்லை. நானும் கேட்கவில்லை. மாடிப்படி வரை வந்து விளக்கைப் போட்டார், ஒரு படி உடைந்திருக்கிறது என்பதற்காக.

இன்று காலை வங்கியின் வக்கீல் என்னைக் காரில் இங்கே அழைத்து வந்தார். நான் சொல்ல வேண்டியதை இரண்டு பக்கங்களில் தட்டச்சு செய்து கொடுத்திருந்தார். தெளிவான தாள். எல்லாக் கேள்விக்கும் பதில் இருக்கிறது. வழியில் அவர், "டென்ஷன் ஆகாதீங்க மேடம், அரை மணி நேர வேலை," என்றார். இப்போது வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறார். மூன்று மணி நேரம் ஆகிவிட்டது, இரண்டு முறை கதவைத் தட்டினார். அந்தத் தாளை நான் அதிகாரியிடம் ஒப்படைத்துவிட்டேன். அதில் உள்ளதை நான் சொல்லவில்லை என்பதைப் பதிவு செய்யவும்.

இல்லத்துக்காரருக்கு அறிக்கை விவரம் தெரிந்தது என் எண்களாலும் என் பதிலாலும்தான், சட்டாம்பிள்ளையால் அல்ல. இதற்கு ஆவணச் சாட்சி கேட்டால் என்னிடம் ஒரு தாளும் இல்லை. இருந்தவற்றை நானே அழித்துவிட்டேன். அந்த வயதான வக்கீலுக்குத் தெரியும், அவர் சொல்ல மாட்டார். போகட்டும் சாருக்குத் தெரியும். என் சொல் மட்டுமே இருக்கிறது. அது ஒருமுறை பொய்யாகக் கையெழுத்திட்ட சொல் என்பதையும் அறிவேன்.

இன்னும் ஒன்று உள்ளது. இதை என் கணவரிடமோ சட்டாம்பிள்ளையிடமோ சொல்லவில்லை. இங்கே உட்கார்ந்து பேசிக்கொண்டிருக்கையில்தான் முடிவு செய்தேன். இந்த வழக்கு முடிய எத்தனை ஆண்டு ஆகும் என்று அதிகாரியைக் கேட்டேன். சொல்ல முடியாது என்றார். அதுவரை அந்தக் குறிப்பின் மூலப் பிரதி வங்கியின் பூட்டிய அலமாரியில் இருக்கும். அப்படி ஒன்று இருப்பதாக யாரும் சொல்லக் கூடாது. டீச்சரம்மாவுக்காக எழுதியவர் ஒரே ஒருவர்தான் என்பது டீச்சரம்மாவின் சொந்தத்துக்கு மட்டும் தெரியாமல் இருக்கும். அந்தப் பெண் எல்லா நாளும் அவரைச் சபித்துக்கொண்டிருப்பாள். சட்டாம்பிள்ளை சொன்னால் அவருக்குத் தண்டனை, அதனால் அவர் சொல்ல மாட்டார்.

ஆகையால் நான் இங்கிருந்து வீட்டுக்குப் போகப் போவதில்லை. பேருந்து ஏறி டீச்சரம்மாவின் தங்கை மகள் வீட்டுக்குப் போவேன். அறிக்கை இருந்தது என்று சொல்வேன். எந்தத் தேதியில், எத்தனை பக்கம், யார் எழுதினார், அதில் என்ன எழுதியிருந்தார் என்று எனக்கு நினைவிருக்கும் வரை சொல்வேன். அந்தக் குறிப்பின் கடைசி வரி எனக்கு நன்றாக நினைவிருக்கிறது: 'இந்த அம்மாளைத் தனியாக ஒருமுறை சந்தித்துப் பேச யாராவது ஏற்பாடு செய்ய வேண்டும்.' அதையும் சொல்வேன். இது குற்றம் என்பது எனக்குத் தெரியும். முந்நூறு பேருக்கு அதைப் பாடமாக எடுத்திருக்கிறேன். என் வேலையும் ஓய்வூதியமும் போகும் என்பதும் தெரியும். ரகசியத்தை வெளியே சொன்னவர் யார் என்று இனி யாராவது தேடினால், அது இன்ன தேதியில் இன்ன ஆள் என்று இந்தத் தாளில் இருக்க வேண்டும் என்பதற்காகவே முன்கூட்டிச் சொல்கிறேன்.

இதுவரை எழுதியதை அதிகாரி எனக்கு நிதானமாக வாசித்துக் காட்டினார். இரண்டு இடங்களில் திருத்தச் சொன்னேன், திருத்தினார். கடைசிப் பத்தியை எடுத்துவிடலாமா, தன் காதில் விழவில்லை என்று வைத்துக்கொள்ளலாமா என்று கேட்டார். வேண்டாம், இருக்கட்டும் என்றேன். யாருடைய வற்புறுத்தலும் இல்லாமல் சொன்னேன். நடந்ததாகச் சொன்னவை நடந்தவை, செய்யப்போவதாகச் சொன்னதைச் செய்வேன்.

(கையொப்பம்)
பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம்